ஏரி வளர்த்த பிள்ளைகள்

நுழையும்முன்

கோடை விடுமுறையில் ஒரு குடும்பம் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குச் செல்கிறது. பிள்ளைகள் படகு செலுத்தக் கற்கின்றனர். விடுமுறை முடிந்ததும் அனைவரும் ஊர் திரும்புகின்றனர். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால், இத்தகைய விடுமுறைகளிலிருந்துதான் ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தின் புகழ்பெற்ற நூல்வரிசை ஒன்று பிறந்தது. அந்த ஏரியையும், அதில் படகோட்டிய இரண்டு தலைமுறைப் பிள்ளைகளையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மலைகளுக்கு இடையே ஒரு நீர்ப்பரப்பு

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் மலைகளும் ஏரிகளும் நிறைந்த நிலப்பரப்பு ஒன்று உள்ளது. அதனை ஏரி மாவட்டம் என்று அழைப்பர். ஏரி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது, பாசனத்திற்காக முன்னோர் கரை எழுப்பித் தேக்கிய நீர்நிலை. அங்குள்ள ஏரிகள் அத்தகையன அல்ல. பனியூழிக் காலத்தில் மலைச்சரிவுகளில் நகர்ந்த பெரும் பனிப்பாறைகள் பள்ளத்தாக்குகளைக் குடைந்து ஆழமாக்கின. பனி உருகிய பின் அப்பள்ளங்களில் நீர் நிறைந்தது. ஆகவே அவை நீண்டு குறுகியனவாகவும் மிகுந்த ஆழம் உடையனவாகவும் இருக்கின்றன. வின்டர்மியர் என்னும் ஏரி ஏறத்தாழ 17 கி.மீ. நீளமுடையது, இங்கிலாந்தின் இயற்கை ஏரிகளுள் அதுவே பெரியது. அதற்கு மேற்கே கானிஸ்டன் ஏரி அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 8 கி.மீ.; அகலமோ ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு; ஆழமான இடத்தில் 56 மீட்டர். ஏரியின் மேற்கே 'ஓல்டு மேன்' என்னும் மலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது.

ஒரு காலத்தில் இப்பகுதிக்கு வந்து சேர்வதே அரிதாக இருந்தது. 1847-இல் வின்டர்மியருக்கும் 1859-இல் கானிஸ்டனுக்கும் தொடர்வண்டி வந்தது. அதன் பின்னர், ஆலைப்புகை சூழ்ந்த வட இங்கிலாந்து நகரங்களில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்கள் கோடைதோறும் இங்கு வந்து தங்கும் வழக்கம் வளர்ந்தது. பண்ணைவீடு ஒன்றில் அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொள்வர். துடுப்புப் படகு ஒன்றும் கிடைக்கும். அவ்வளவே போதும், பொழுதுபோக்கென்று வேறு எதையும் அவர்கள் தேடவில்லை.

கையை நீரில் நனைத்த சிறுவன்

லீட்ஸ் நகரில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய சிரில் ரான்சம் என்பவரின் குடும்பமும் அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்று. அவருடைய மூத்த மகன் ஆர்தர், 1884-ஆம் ஆண்டு பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை அவனை ஓல்டு மேன் மலையுச்சிக்குத் தூக்கிச் சென்றாராம். ஒவ்வொரு கோடையிலும் அக்குடும்பம் கானிஸ்டன் ஏரியின் தென்கோடியில் உள்ள நிப்த்வெயிட் என்னும் சிற்றூரின் பண்ணைவீட்டில் தங்கியது. ஊர் வந்து சேர்ந்ததும் ஆர்தர் செய்யும் முதற்செயல் ஒன்று உண்டு. ஒருவருக்கும் தெரியாமல் ஏரிக்கரைக்கு ஓடிச் சென்று, தன் கையை நீரில் ஆழ்த்துவான். அதன் பிறகே தான் உண்மையாகவே வந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றும். முதியவரான பின்னரும் அவர் இவ்வழக்கத்தை மறக்கவில்லை, எழுதியும் வைத்தார்.

அவ்விடுமுறை நாள்களின் சிறப்பு நிகழ்ச்சி பீல் தீவுப் பயணமாகும். ஏரியின் தென்பகுதியில், கரையிலிருந்து சற்றே தள்ளி, பாறையும் மரங்களுமாக அமைந்த சின்னஞ்சிறு தீவு அது. அதன் தென்முனையில் இரு பாறைவரிசைகளுக்கு இடையே ஒரு சிறுபடகு மட்டும் நுழையக்கூடிய இயற்கைத் துறை ஒன்று உண்டு. குடும்பம் முழுவதும் துடுப்புப் படகில் அங்குச் செல்லும். தந்தை தூண்டிலிடுவார், பிள்ளைகள் தீவைச் சுற்றித் திரிவர். 'துறைக்குள் நுழைவது எப்படி' என்பதை அச்சிறுவன் அங்கே உற்று நோக்கினான் என்பது பின்னாளில் தெரியவந்தது.

இவ்விடுமுறைகள் முழுவதும் இனிமையாகவே கழிந்தன என்று எண்ணிவிடக் கூடாது. பிற விலங்குகளைப் போல மனிதக் குழந்தையும் இயல்பாகவே நீந்துமோ என்று அறிய விரும்பிய தந்தை, ஒரு நாள் மகனைப் படகிலிருந்து ஏரியில் போட்டார். சிறுவன் மூழ்கினான், தந்தை அவனை மீட்டார். பின்னர் அவன் லீட்ஸ் நகர நீச்சற்குளத்தில் முயன்று நீந்தப் பழகினான். படிப்பிலும் அவன் தந்தை எதிர்பார்த்த அளவிற்குச் சிறக்கவில்லை. வின்டர்மியர் ஊரிலேயே இருந்த உறைவிடப் பள்ளி ஒன்றில் படித்தான். அங்கு அவனுக்கு மகிழ்ச்சி இல்லை. விளையாட்டில் பந்தைக் கூடச் சரியாகப் பிடிக்க இயலாதவன் என்று இகழப்பட்டான். அவனுக்குக் கிட்டப்பார்வை என்பதை ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அவன் அடுத்த பள்ளிக்குச் சென்ற பின்னரே அது கண்டறியப்பட்டது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. இரவில் மீன்பிடித்துத் திரும்பும்போது இடறி விழுந்து தந்தையின் காலில் காயம் ஏற்பட்டது. அது ஆறாமல் முற்றியது. காலையே அகற்ற நேர்ந்தது. 1897-இல் அவர் மறைந்தார். ஆர்தருக்கு அப்போது பதின்மூன்று வயது. தன்னால் தந்தைக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அதை மாற்றிக் காட்டுவதற்குமுன் அவர் போய்விட்டார் என்னும் துயரம் ஆர்தரை நெடுநாள் தொடர்ந்தது.

ஏரிக்கரையில் இன்னொரு குடும்பம்

இளைஞனான ஆர்தர் ரான்சம் எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பத்தோடு மீண்டும் கானிஸ்டனுக்கு வந்தார். ஏரியின் கீழைக்கரையில் கோலிங்வுட் என்னும் ஓவியர் வாழ்ந்தார். அவர் வரலாற்றறிஞர், அறிஞர் ஜான் ரஸ்கினின் செயலராக இருந்தவர். பீல் தீவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய கதை ஒன்றை ரான்சம் சிறுவயதிலேயே விரும்பிப் படித்திருந்தார். அவ்வீட்டார் இவரைத் தம் பிள்ளைகளுள் ஒருவராகவே ஏற்றுக்கொண்டனர். பாய்மரப் படகு செலுத்துவதை ரான்சம் பழகியதும் அவ்வீட்டுப் பிள்ளைகளோடுதான்.

ஆண்டுகள் உருண்டன. ரான்சம் செய்தியாளராக உருசியாவிற்குச் சென்று, அங்கு நடந்த புரட்சியை நேரில் கண்டு எழுதினார். கோலிங்வுட்டின் மகள் டோரா, எர்னெஸ்ட் ஆல்டூனியன் என்னும் மருத்துவரை மணந்து சிரியா நாட்டின் அலெப்போ நகருக்குச் சென்றார். எர்னெஸ்டின் தந்தை ஆர்மீனியர். அலெப்போவில் மருத்துவமனை நடத்தியவர். 1928-ஆம் ஆண்டு கோடையில் டோராவும் எர்னெஸ்டும் தம் ஐந்து பிள்ளைகளுடன் கானிஸ்டனுக்கு வந்தனர். மூத்தவள் டாக்கிக்கு அப்போது பதினோரு வயதளவு. அடுத்தடுத்துச் சூசி, டிட்டி என்று செல்லமாக அழைக்கப்பட்ட மேவிஸ், ரோஜர் ஆகியோர். கடைக்குட்டி பிரிஜிட் கைக்குழந்தைப் பருவத்தை அப்போதுதான் கடந்திருந்தாள்.

பிள்ளைகளுக்காக எர்னெஸ்ட் இரண்டு சிறு பாய்மரப் படகுகளை வாங்கினார். ஒன்றின் பெயர் 'ஸ்வாலோ'. தகைவிலான் குருவியைக் குறிக்கும் சொல் அது. மற்றொன்றுக்கு மகளின் பெயராகிய 'மேவிஸ்' என்பதே பெயர். பாலைவெளியை அடுத்த நகரில் வளர்ந்த பிள்ளைகள், ரான்சமின் துணையோடு அக்கோடை முழுவதும் அவ்வேரியில் படகோட்டப் பழகினர்.

அடுத்த சனவரியில் ரான்சமின் பிறந்தநாள் வந்தது. குடும்பம் அலெப்போவிற்குத் திரும்பும் காலமும் அதுவே. பிள்ளைகள் அவருக்குச் சிவப்பு நிறத் துருக்கிக் காலணி ஒரு சோடியைப் பரிசாக அளித்தனர். ஸ்வாலோ படகு ரான்சமிடமே தங்கியது. சில மாதங்களில் அவர் ஒரு கதையை எழுதத் தொடங்கினார். 1930-இல் அது 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தது. தொடர்ந்து 1947 வரை அவ்வரிசையில் மொத்தம் 12 நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றான 'பிஜின் போஸ்ட்' நூலுக்கே, சிறுவர் இலக்கியத்திற்கென இங்கிலாந்தில் ஏற்படுத்தப்பட்ட கார்னகி பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டது.

காற்றுக்கு எதிரே செல்வது எப்படி?

நூலின் கதை எளியது. ஜான், சூசன், டிட்டி, ரோஜர் என்னும் நால்வரும் உடன்பிறந்தோர். ஏரியில் உள்ள தீவில் பெரியோர் துணையின்றிக் கூடாரமிட்டுத் தங்க விரும்புகின்றனர். தந்தை கடற்படை அதிகாரி, தொலைநாட்டில் இருக்கிறார். அவருடைய இசைவு தந்தி வழியே வரவேண்டும். கதையின் தொடக்கத்தில் தாய் அத்தந்தியோடு மேட்டில் நிற்கிறார். ஏழு வயது ரோஜர் கீழிருந்து அவரிடம் வருகிறான். ஆனால் நேரே ஓடிவரவில்லை. வயலின் ஒரு வேலியிலிருந்து மறுவேலிக்கும், அங்கிருந்து மீண்டும் இவ்வேலிக்குமாகக் குறுக்கே ஓடிச் சிறிது சிறிதாக மேலேறுகிறான். காரணம், அவன் அப்போது சிறுவன் அல்லன், ஒரு பாய்மரப் படகு. காற்றோ எதிரிலிருந்து வீசுகிறது!

எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசையை நோக்கி நேரே செல்ல இயலாது. பாய் காற்றைப் பிடிக்காமல் படபடத்து அடங்கிவிடும். ஆகவே படகோட்டி, காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகப் படகின் அணியத்தை வைத்து ஒருபுறமாகச் செல்வார். சிறிது தொலைவு சென்றதும் சுக்கானைத் திருப்புவார். அணியம் காற்றைக் கடந்து மறுபுறம் திரும்பும். பாயும் மறுபக்கம் சாயும். இவ்வாறு வலமும் இடமுமாக மாறிமாறிச் சென்றே எதிர்க்காற்றில் முன்னேற வேண்டும். நீரின் அடியில் உள்ள படகின் அடிக்கட்டை, படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கிறது. இயற்பியல் நூல் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை, ஒரு சிறுவனின் ஓட்டத்தாலேயே ரான்சம் விளக்கிவிடுகிறார்.

இதைப் போன்றதே துறைக்குள் நுழையும் காட்சியும். பீல் தீவின் துறையே நூலில் இடம்பெறுகிறது. நீருக்கடியில் பாறைகள் மறைந்திருப்பதால், வழி தவறினால் படகு உடையும். துறையின் உட்பக்கத்தில் ஒரு மரத்தின் அடிக்கட்டையில் வெள்ளைக் குறி இடப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் கவைத்த மரம் ஒன்று நிற்கிறது. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி படகைச் செலுத்தினால் பாறைகளுக்கு இடையே உள்ள வழி தானே அமையும். இரவில் அவ்விரு இடங்களிலும் விளக்குகளைத் தொங்கவிட வேண்டும். ஒரு விளக்கின் மேல் மற்றது தெரியுமாறு வந்தால் வழி சரியானது. பெரிய துறைமுகங்களில் கப்பல்களுக்கு வழிகாட்ட அமைக்கப்படும் இரட்டை விளக்குகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

நம்பிக்கையும் கவனமும்

தந்தை அனுப்பிய தந்தி மிகச் சுருக்கமானது. தம் பிள்ளைகள் படகில் கருத்தின்றி நடக்க மாட்டார்கள் என்னும் உறுதியைச் சற்றுக் கடுமையான நகைச்சுவையோடு அது தெரிவிக்கிறது. இன்றைய பெற்றோர் எவரேனும் அத்தகைய செய்தியை அனுப்புவரா என்பது ஐயமே. அனுப்பாமல் இருப்பதற்குத் தக்க காரணங்களும் உண்டு. நூலில் உள்ள பிள்ளைகள் உயிர்காப்பு மேலங்கி அணிவதில்லை. ரோஜருக்கு நீச்சலும் தெரியாது. இன்று ஏரியில் படகு செலுத்தும் எவரும் அம்மேலங்கியின்றி நீரில் இறங்கக் கூடாது.

எனினும், நூலை ஊன்றிப் படிப்போர் ஒன்றை உணர்வர். பிள்ளைகள் தனியே விடப்பட்டதாகத் தோன்றினாலும், உண்மையில் அவ்வாறு விடப்படவில்லை. நாள்தோறும் காலையில் அவர்கள் கரையில் உள்ள பண்ணைக்குப் படகில் சென்று பால் வாங்கி வரவேண்டும். பாலுக்காக மட்டும் அன்று. பிள்ளைகள் நலமாக உள்ளனர் என்பதை நாள்தோறும் ஒருவர் கண்ணால் காண்பதற்கும் அது வழி. ரோஜர் நீந்தக் கற்க வேண்டும் என்பதும் வலியுறுத்தப்படுகிறது. கதை முடிவதற்குள் அவன் சில கை வீசி நீந்தியும் காட்டுகிறான். இரவில் படகோட்டி இடரை நெருங்கிவிட்ட ஜான், மறுநாள் அதனைத் தாயிடம் மறைக்காமல் தானே ஒப்புக்கொள்கிறான். தந்தையை இளமையிலேயே இழந்த ஒருவர், கதையில் ஒரு முறையும் எதிரே தோன்றாத தந்தையைப் படைத்து, அவருடைய முழு நம்பிக்கையையும் பிள்ளைகளுக்கு வழங்கியிருக்கிறார். இந்நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அது எவருடைய விடுமுறை?

நூல் புகழ்பெற்றதும் ஒரு மனக்கசப்பு எழுந்தது. சூசன், டிட்டி, ரோஜர் ஆகியோர் ஆல்டூனியன் பிள்ளைகளே என்று பலரும் பேசத் தொடங்கினர். மூத்தவள் டாக்கியின் இடத்தில்தான் ஜான் என்னும் சிறுவன் வைக்கப்பட்டான் என்பதும் வெளிப்படை. முதற்பதிப்பில் காலணிப் பரிசைக் குறிப்பிட்டு அவர்களுக்கு நூலைப் படைத்திருந்த ரான்சம், நாளடைவில் அப்படைப்புரையை நீக்கிவிட்டார். 1958-இல் எழுதிய குறிப்பொன்றில், நூலின் ஊற்று தம் இளமைக்கால நிப்த்வெயிட் விடுமுறைகளே என்று உரைத்தார். பெயரைக் கொடுத்த பிள்ளைகளுக்கு இது வருத்தத்தைத் தந்தது. அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. துறையும் தீவும் அவருடைய இளமைக்கே உரியவை. ஆயினும், 1928-ஆம் ஆண்டுக் கோடை அமையாதிருந்தால் அந்நினைவுகள் கதையாகியிருக்குமா என்பதும் எண்ணத்தக்கது.

மூச்சுக்குப் போராடிய ரோஜர்

உண்மையான ரோஜர் ஆல்டூனியனின் வாழ்க்கை கதையைவிட வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரின்போது அவர் விமானப் படையில் விமானம் ஓட்டப் பயிற்சி அளிப்பவராக இருந்தார். பின்னர் மருத்துவம் பயின்று, தந்தையும் பாட்டனாரும் பணியாற்றிய அலெப்போ மருத்துவமனையில் சேர்ந்தார். 1956-இல் குடும்பம் சிரியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. இங்கிலாந்து திரும்பிய ரோஜர், மருந்து நிறுவனம் ஒன்றில் ஆய்வாளரானார்.

அவருக்கு ஈளை நோய் இருந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியின் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டு, அவரும் உடன் பணியாற்றியோரும் புதிய சேர்மங்களை உருவாக்கினர். அவை பயன் தருமா என்பதைச் சோதிக்க ரோஜர் தம் உடலையே களமாக்கினார். கினிப்பன்றியின் தோல்துகள் அவருக்கு ஒவ்வாதது. அதனை வேண்டுமென்றே மூச்சில் இழுத்து இரைப்பை வரவழைத்துக்கொள்வார். பின்னர்ச் சேர்மத்தால் அது தடுக்கப்படுகிறதா என்று அளந்து பார்ப்பார். பல ஆண்டுகள் இவ்வாறு துன்புற்ற பிறகு, 1965-இல் சோடியம் குரோமோகிளைகேட் என்னும் மருந்து கண்டறியப்பட்டது. அது தொடங்கிய ஈளையைத் தணிக்கும் மருந்து அன்று. வருமுன் தடுக்கும் மருந்து.

மருந்துத்தூளை நுரையீரலுக்குள் செலுத்த அவர் அமைத்த சிறு கருவியில், விமானத்தின் முன்பகுதியில் சுழலும் விசிறியைப் போன்ற ஓர் அமைப்பு உண்டு. நோயாளி மூச்சை இழுக்கும்போது அவ்விசிறி சுழன்று தூளைப் பரப்பும். விமானம் ஓட்டிய நாள்களின் அறிவு அங்கே பயன்பட்டது. ரோஜர் 1987-இல் மறைந்தார்.

இன்றைய ஏரி

1967-ஆம் ஆண்டு சனவரியில், அதிவிரைவுப் படகில் உலகச் சாதனை படைக்க முயன்ற டொனால்டு கேம்பெல், கானிஸ்டன் ஏரியில் படகு தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். ரான்சம் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இன்று அவ்வேரியில் இயந்திரப் படகுகள் மணிக்கு 10 மைல் வேகத்தைக் கடத்தல் கூடாது. வின்டர்மியரிலும் 2005 முதல் வேகக் கட்டுப்பாட்டு விதி ஒன்று நடைமுறையில் உள்ளது. விதி வந்தபோது, விரைவுப் படகை விரும்புவோர் தங்கள் விளையாட்டு பறிபோவதாக எதிர்த்தனர். பாய்மரப் படகினரும் நீந்துவோரும் வரவேற்றனர். 1859-இல் கட்டப்பட்ட 'கொண்டோலா' என்னும் நீராவிக் கப்பல் புதுப்பிக்கப்பட்டு 1980 முதல் கானிஸ்டனில் மீண்டும் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. 1928-இல் வாங்கப்பட்ட 'மேவிஸ்' படகு அவ்வூரின் ரஸ்கின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பீல் தீவின் துறைக்குள் சிறுபடகுகள் இன்றும் மெல்ல நுழைகின்றன.

சொற்பொருள்

அணியம் – படகின் முன்பகுதி
சுக்கான் – படகைத் திருப்பும் கருவி
தகைவிலான் – விரைந்து பறக்கும் சிறு பறவை
கவைத்த – இரண்டாகப் பிரிந்த
ஈளை – மூச்சிரைப்பு நோய்
படைப்புரை – நூலை ஒருவருக்கு உரிமையாக்கி எழுதும் குறிப்பு

பயிற்சி

1. ஊர் வந்து சேர்ந்ததும் சிறுவன் ஆர்தர் செய்த முதற்செயல் யாது?
2. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு முன்னேறும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
3. 'பாலுக்காக மட்டும் அன்று' என்னும் தொடர் எதனைக் குறிப்பிடுகிறது? விளக்கி எழுதுக.
4. படைப்புரையை நீக்கிய ரான்சமின் செயல் முறையானதா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. பிரித்து எழுதுக: மனக்கசப்பு, நீச்சற்குளம், கண்டறியப்பட்டது.
6. நீர்நிலை ஒன்றுக்குச் சிறுவர் சிலர் படகோட்டச் செல்கின்றனர். பெற்றோர் அவர்களுக்கு விதிக்கவேண்டியனவும், அவர்கள் பொறுப்பிலேயே விடத்தக்கனவும் எவை? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.